மாதத்துக்கு அரை மணி நேரப் படிப்பு... மாசக்கணக்கில் போகாத படர்தாமரை!

வேர்க்குரு பற்றி இந்தப் பகுதியில் எழுதிய வாரம் வந்த மெயில்களில் பாதிக்கு மேல் வேர்க்குரு பற்றியதே இல்லை. எல்லாம் படர்தாமரை! திருப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். முதலில் கணவருக்குத் தொடை இடுக்கில் வந்திருக்கிறது. பிறகு அவருக்கு இடுப்பில். இப்போது ஆறாவது படிக்கும் மகனுக்குக் கன்னத்தில். 14 மாதமாக ஆயின்ட்மென்ட் பூசுகிறார்கள். பூசினால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் ஒரே வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. "அஞ்சு டாக்டர் பார்த்தாச்சு. யாருக்குமே இது தெரியலையா, இல்ல எங்க உடம்புதான் சரியில்லையா?" என்று முடித்திருந்தார்.

அவர் கேள்வியின் முதல் பாதிதான் இந்த வார டெஸ்க் டைரி. உடம்பில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால், டாக்டர்களுக்கு இது தெரியுமா? தெரிந்தவர்கள் எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள்? மற்றவர்களிடம் அது ஏன் போய்ச் சேரவில்லை?

படர்தாமரை என்பது தோல் மருத்துவப் படிப்பில் சுலபமான பாடமாகத்தான் இருந்தது. வட்டமாக வரும், ஓரம் மட்டும் தடித்துச் செதில் செதிலாக இருக்கும், நடுவில் தெளிந்திருக்கும், அரிக்கும். நம் தோலின் மேல்பகுதியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை அது. இரண்டு வாரம் கிரீம், கொஞ்சம் அதிகமாக இருந்தால் மாத்திரை. முடிந்தது கதை.

அந்தக் கதை சுமார் பத்து வருடங்களுக்கு முன் மாறியது. குணமாகிப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். உள்ளங்கை அளவு இருந்தது முதுகு முழுக்கப் பரவியிருந்தது. முகத்தில் வந்தது. குழந்தைகளுக்கு வந்தது. ஒருவர் சிகிச்சைக்கு வந்தால் வீட்டில் இன்னும் மூன்று பேருக்கு இருந்தது. சென்னை, டெல்லி, கொல்கத்தா என்று எல்லா ஊர் தோல் மருத்துவர்களும் இதையே பார்த்தார்கள். காரணம், பூஞ்சையே மாறிவிட்டது. டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற பழைய ஆள் இருந்த இடத்தில், அதன் வேறொரு உறவுக்காரப் பூஞ்சை வந்து உட்கார்ந்துவிட்டது. ஜப்பானில் வசித்த ஒரு நேபாளிக்கும் ஓர் இந்தியருக்கும் இருந்த படர்தாமரையை ஆராய்ந்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், 2020-ல் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டன் இன்டோடினியே. ஆம், பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. பெருமைப்படலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது வந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தபோது, அங்கே அது பெரிய செய்தி. நம் ஊரில் அதற்குள் பல வீடுகளில் குடியேறியாகிவிட்டது.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு கெட்ட திறமை உண்டு. படர்தாமரைக்கு வழக்கமாக முதலில் தரும் டெர்பினாஃபின் என்ற மருந்து, பூஞ்சையின் ஒரு நொதியைப் பூட்டுப் போட்டு நிறுத்துவதன் மூலம் வேலை செய்கிறது. இது அந்தப் பூட்டே பொருந்தாதபடி தன் மரபணுவை மாற்றிக்கொண்டது. மருந்து உள்ளே போகும், ஆனால் வேலை செய்யாது.

நாலு நாளில் அடங்குகிறதே, அது எப்படி?

இங்கேதான் டியூபின் கதை வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணா, அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ஒரு கலவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. எதற்கு வந்திருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்ற கணக்கு. முதல் நாலு நாள் அரிப்பும் சிவப்பும் அடங்குவது ஸ்டீராய்டின் கைவண்ணம். அது அந்த இடத்தின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூங்க வைக்கிறது. அரிப்பு என்பதே உடம்பு பூஞ்சையோடு சண்டை போடும் சத்தம்தானே! சண்டையை நிறுத்திவிட்டால் நமக்கு நிம்மதி, பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கிரீமை நிறுத்தியதும் எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். உடனே அதே டியூப் இன்னொன்று வாங்குவோம்.

இப்படியே சில மாதம் போனால், படர்தாமரை தன் வட்ட வடிவத்தையே இழந்துவிடும். பார்க்க எக்ஸிமா மாதிரி, சொரியாசிஸ் மாதிரி, ஏதோ ஓர் அலர்ஜி மாதிரி இருக்கும். அனுபவம் உள்ள டாக்டரே ஒரு நிமிடம் தடுமாறுவார். தொடையிலும் அக்குளிலும் பிரசவக் கோடு போல வரிவரியாக விழும். பூஞ்சை போன பிறகும் அந்தக் கோடுகள் முழுதாக மறையாது. முகத்தில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து சிவந்து, பருவும் முடியும் வரும், வெயிலில் நின்றால் எரியும்.

இது எங்கேயோ யாருக்கோ நடப்பதில்லை. இந்தியாவின் 12 மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியானது. முகத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அதில் 29 சதவிகிதம் பேர் அதைச் சிவப்பழகு கிரீமாகவோ, பொதுவான முக கிரீமாகவோ, ஷேவிங்குக்குப் பிறகு தடவுவதற்கோ வைத்திருந்தார்கள். 59 சதவிகிதம் பேருக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டரே இல்லை. மெடிக்கல் ஷாப், பியூட்டி பார்லர், பக்கத்து வீட்டு அக்கா... யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் உதவத்தான் நினைத்தார்கள். என் கண் நின்ற இடம் அடுத்த எண்ணில். டாக்டர் எழுதிக்கொடுத்த 176 சீட்டுகளில் 78, தோல் மருத்துவர் அல்லாத டாக்டர்கள் எழுதியவை. அப்படியானால் மீதி 98? அவை தோல் மருத்துவர்களின் சீட்டுகள். ஒருமுறை எழுதித் தந்த சீட்டை நாம் வருடக்கணக்கில் காட்டி வாங்குவதும் அதில் உண்டு என்றாலும், பழியை முழுக்க வெளியாள் மேல் போட்டுவிட முடியாது.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு கிரீம் வகைகளைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று அறிவித்தது. அதே வருடம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடை வந்தது, சில தோல் கிரீம்களும் அதில் அடக்கம். காகிதத்தில் கதவு மூடியாயிற்று. உங்கள் தெருமுனைக் கடையில் மூடியிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும்.

டாக்டர்கள் எங்கே படித்தார்கள்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். வழக்கமாக நம் டாக்டர்கள் லண்டனிலோ அமெரிக்காவிலோ அச்சான புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். இந்த முறை அந்தப் புத்தகங்களில் விடை இல்லை. அங்கே இந்த நோயே இல்லையே! விடை இருந்தது நம் ஊர் ஓ.பி-யில், வரிசையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தவர்களிடம்.

தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவர்களுக்கென்று 1973-ல் உருவான தேசிய சங்கம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக ஐ.ஏ.டி.வி.எல். மாநிலக் கிளைகள் உண்டு, வருடா வருடம் டெர்மாகான் என்ற பெரிய மாநாடும் உண்டு. அந்தச் சங்கம் ஸ்டீராய்டு கிரீம் துஷ்பிரயோகத்துக்கு எதிராக ஒரு குழுவையும், குணமாகாத படர்தாமரைக்கு இன்னொரு குழுவையும் அமைத்தது. அவரவர் கிளினிக்கில் பார்த்ததைக் கொண்டுவந்து கொட்டி, விவாதித்து, புதுப் பாடத்தை அவர்களே எழுதினார்கள். ஸ்டீராய்டு கலந்த எதையும் படர்தாமரைக்குத் தராதே. இரண்டு வாரம் போதாது, பலருக்கு மாதக்கணக்கில் தேவைப்படும். கண்ணுக்குத் தெரிவது மறைந்த பிறகும் சிகிச்சையைத் தொடர். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோருக்கும் சேர்த்து மருந்து கொடு.

காப்ஸ்யூல் வரை போய் ஆராய்ந்தார்கள் என்றால் நம்புவீர்களா? டெர்பினாஃபின் கைவிட்டபோது பலரும் இட்ராகோனசோல் என்ற மருந்துக்கு மாறினார்கள். அந்தக் காப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே ஜவ்வரிசியைவிடப் பொடியாகக் குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். மருந்து அந்த உருண்டைகளின் மேல் பூசப்பட்டிருக்கும். உருண்டை பொடியாக, ஒரே அளவாக, நிறைய இருந்தால் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். பெரிதும் சிறிதுமாகக் கொஞ்சம் கிடந்தால் சேராது. ஒரே மருந்துக்குப் பல கம்பெனி, பல விலை. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுபோல் இல்லை என்று நம் டாக்டர்கள் உருண்டைகளை உருப்பெருக்கியில் பார்த்து, எண்ணி, கட்டுரை எழுதினார்கள். அந்த அம்மாவின் ஐந்து டாக்டர்களில் ஒருவர் சரியான மருந்தை எழுதியும் அது வேலை செய்யாமல் போயிருக்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. அந்தக் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பிட்ட உடனே போட வேண்டியதை வெறும் வயிற்றில் போட்டாலோ, கூடவே கேஸ் மாத்திரை போட்டாலோ பாதி வீண்.

சரி, பாடம் எழுதியாகிவிட்டது. யார் படிக்க வேண்டும்?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட நெறிமுறைப்படி, ஒரு டாக்டர் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் நடக்குமே, 'சி.எம்.இ' என்று போர்டு வைத்து, அதுதான். மாநில மருத்துவக் கவுன்சில் அதற்கு கிரெடிட் தரும். 30 மணி நேரம் பெரிதாகத் தெரிகிறதா? 60 மாதத்தால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு அரை மணி நேரம். நாம் ஒரு சீரியல் எபிசோடுக்குத் தரும் நேரம்!

ஆர்வமுள்ள தோல் மருத்துவர் இதைப்போல் பல மடங்கு படிக்கிறார், அதில் சந்தேகமில்லை. மூன்று வருட எம்.டி முடித்த பிறகும் மாதாமாதம் கிளைக் கூட்டத்துக்குப் போய், புரியாத கேஸின் போட்டோவைத் திரையில் போட்டு மூத்தவர்களிடம் திட்டு வாங்கத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்த 30 மணி நேரத்தில் என்ன படிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. லேசர், போடாக்ஸ், முடி நடுவது பற்றிக் கேட்டாலும் மணிக் கணக்கு ஏறும். இட்ராகோனசோல் உருண்டை பற்றிக் கேட்டாலும் ஏறும். எதில் வருமானம் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டத்துக்குச் செலவு செய்யும் மருந்து கம்பெனிக்கும் ஒரு கணக்கு இருக்கும்தானே! 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து நிறுவனங்களுக்கான நெறிமுறை, டாக்டர்களுக்குப் பரிசு தருவதையும் சுற்றுலா அழைத்துப் போவதையும் தடுக்கிறது. கல்விக் கூட்டங்களை வெளிநாட்டில் நடத்தவும் கூடாது என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், தலைப்பு யாருடைய விருப்பம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தோல் மருத்துவரைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் தெருவின் ஃபேமிலி டாக்டர் பற்றி. அரிப்பு வந்தால் நாம் முதலில் ஓடுவது அவரிடம்தானே. எம்.பி.பி.எஸ் படிப்பில் தோல் துறைக்கு ஒதுக்குவது சில வாரங்கள். இறுதித் தேர்விலும் அது பொது மருத்துவத்துக்குள் ஒரு பகுதியாகத்தான் வரும். 2005-ல் படித்து முடித்தவருக்குப் படர்தாமரை என்றால் இன்றும் அந்தச் சுலபமான வட்டம்தான். அவர் சோம்பேறி இல்லை. ஒரு நாளைக்கு 80 காய்ச்சல் பார்ப்பவருக்கு இந்தப் புதுப் பாடத்தை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? டெர்மாகானுக்கு அவர் போக மாட்டார். தோல் மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டு அவரிடம் போய்ப் பேச வேண்டும், மெடிக்கல் ஷாப்காரரிடமும் பேச வேண்டும் என்பது என் கருத்து. சில ஊர்களில் நடக்கிறது. போதாது.

யூடியூப் பார்த்து முடி நடலாமா?

இன்னொரு பக்கம் படிக்காமலே டாக்டர் ஆகிறவர்கள். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனது நினைவிருக்கலாம். மருத்துவம் படிக்கிற பையனாலேயே அந்த இடம் சரியில்லை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்! 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையாக அந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும், பயிலரங்கில் வேடிக்கை பார்த்ததோ யூடியூபில் பார்த்ததோ போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இதை ஓர் ஆணையம் எழுத வேண்டி வந்ததே என்றுதான் தோன்றியது.

போர்டில் 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று இருந்தால், அது தோல் மருத்துவ எம்.டி இல்லை. எம்.டி அல்லது டி.என்.பி, கூடவே டி.வி.எல், பழைய டாக்டர்கள் என்றால் டி.டி, டி.வி.டி, டி.டி.வி.எல் போன்ற டிப்ளமோ. இவைதான் பார்க்க வேண்டிய எழுத்துகள். சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தின் பதிவேட்டில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

டி.வி.எல் என்றேனே, அதில் கடைசி எழுத்து தொழுநோய். செங்கல்பட்டிலும் வேலூர் பக்கம் கரிகிரியிலும் தொழுநோய்க்கென்றே புகழ்பெற்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் குறைந்துவிட்டது என்று 2005 கடைசியில் நாடு அறிவித்த பிறகு, அதைப் பற்றிய பேச்சே குறைந்துபோனது. ஆனால், உலகத்தில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்கள். தேமல் என்று நினைத்து கிரீம் பூசிக்கொண்டிருக்கும் வெளிர்நிறத் திட்டில் தொட்டால் உணர்வு இல்லை என்றால், அரிப்பே இல்லை என்றால், தயவுசெய்து காட்டிவிடுங்கள். 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். சீக்கிரம் பார்த்தால் ஊனம் வராது.

திருப்பூர் அம்மாவுக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன். அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வீட்டில் அரிப்பு உள்ள எல்லோரும் ஒரே நாளில் போங்கள். ஓரத்தைச் சுரண்டி, கே.ஓ.ஹெச் திரவம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனை உண்டா என்று கேளுங்கள். வலிக்காது, அதிக நேரம் ஆகாது. பெரியவர்களுக்கு இதய நோய் இருந்தாலோ, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ கட்டாயம் சொல்லுங்கள்; இட்ராகோனசோல் அவற்றோடு ஒத்துப்போகாமல் போகலாம். டவல், உள்ளாடை, பாய், போர்வை எதையும் பகிர வேண்டாம். பாதிக்கப்பட்டவர் துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸுக்குச் சில மாதம் லீவு.

வீட்டில் இருக்கும் கிரீம் டியூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரை மேல் அதை இனிப் பூச வேண்டாம். முகத்தில் பல மாதமாகப் பூசுகிறவர்கள் மட்டும் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள், நிறுத்தும்போது முகம் எரிந்து சிவந்து பயமுறுத்தும். டியூபைக் குப்பையிலும் போட வேண்டாம். பழைய டியூப், பழைய மாத்திரை அட்டை, கசங்கிய சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். 14 மாதமாக என்ன பூசினீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது 'வெள்ளை கலர் க்ரீம்' என்று சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது.